கழக்கூட்டத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தூரம் வேறு, நேரம் வேறு

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்த்தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே உலகில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதில் பாதியான 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வழியில்லை. அந்த எல்லையில் முக்கால் பங்கை நெருங்குகிற பயணம் இது.

திருவனந்தபுரத்தின் புறநகரான கழக்கூட்டத்தில் இந்தத் தூரம் அன்றாடப் பேச்சில் அடிபடும் விஷயம். 1990இல் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் அங்கேதான் இருக்கிறது. அதன் நிறுவனங்கள் பலவற்றுக்கு வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். வேலைக்காகப் போய் வருபவர்களும், அங்கே குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இதே விமான நிலையத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வெளிநாட்டுக்கு வாசல் இதுதான். ஆனால் அமெரிக்கா எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் யாரும் பதில் சொல்வதில்லை. “இருபத்திரண்டு மணி நேரம்” என்பார்கள். பேருந்துப் பயணத்தில் தூரத்தையும் நேரத்தையும் அப்படி ஒன்றாகப் பேசிவிடலாம். வானத்தில் அது செல்லாது. அதிக தூரம் பறந்த விமானம் குறைந்த நேரத்தில் போய்ச் சேர்வதும் உண்டு.

தூரத்தை முதலில் பார்க்கலாம். சுவரில் மாட்டிய உலகப்படத்தில் கேரளத்தின் தென்முனையையும் கலிபோர்னியாவையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு பசிபிக் கடலைக் கிழக்கு நோக்கியோ, அட்லாண்டிக்கை மேற்கு நோக்கியோ கடக்கும். இரண்டுமே தவறான பாதைகள். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுவிடுவதால் வரும் பிழை இது. ஒரு பப்ளிமாஸ் பழத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றினூடே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். அந்த நூலை அப்படியே நீட்டிப் பழத்தைச் சுற்றிவந்தால், பழத்தைச் சரிபாதியாக அறுக்கும் வட்டம் கிடைக்கும். பூமியின் மேல் இப்படி அமைவதைப் பெருவட்டம் என்கிறார்கள். விமான தூரம் என்று அட்டவணைகளில் தரப்படுவது இந்தப் பெருவட்டத் தூரம்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் நூல் எந்தத் திசையில் கிளம்பும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை; வடக்கிலிருந்து வெறும் 20 பாகை கிழக்கே சாய்ந்து கிளம்புகிறது. தேனி, தர்மபுரி வட்டாரங்களின் மேலாகத் தமிழ்நாட்டைக் கடந்து, நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 70 பாகை வடக்கைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்குகிறது. அரபிக்கடலோரம் கிளம்பும் ஒரு கோடு பனிக்கடலைத் தொட்டுவிட்டுத்தான் அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்கிறது.

இந்தத் தூரத்தைக் கணக்கிட இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கிலும், 77 பாகைக்குச் சற்றுக் குறைவான கிழக்கிலும் இருக்கிறது. பெருவட்டத்தில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். விமானிகள் இன்றும் இந்த அளவில்தான் பேசுகிறார்கள்.

பொதுவாக இந்தக் கணக்குக்கு முக்கோணவியல் தேவை. ஆனால் ஒரு பாதைக்கு மட்டும் பள்ளிப் பிள்ளையே விடை கண்டுவிடலாம்: துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ. திருவனந்தபுரத்துக்காரர்கள் அடிக்கடி போகும் வழியும் அதுவே. துபாய் 55 பாகைக்குச் சற்று மேல் கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 122 பாகைக்குச் சற்று மேல் மேற்கு. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 178. அதாவது பூமி உருண்டையில் இரண்டும் கிட்டத்தட்ட நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்துக்குப் போகக் குறுக்கு வழி துருவத்தின் உச்சிதான். துபாய் 25¼ பாகை வடக்கில் இருப்பதால் அங்கிருந்து வட துருவத்துக்கு 64¾ பாகை. மறுபக்கம் துருவத்திலிருந்து 37⅔ பாகை வடக்கில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு இறங்க 52⅓ பாகை. இரண்டும் சேர்ந்து 117 பாகை. 111ஆல் பெருக்கினால் சுமார் 13,000 கிலோமீட்டர். அட்டவணைகள் தருவதும் ஏறத்தாழ இதே எண்தான். ஒரு தாளும் பேனாவும் போதும் இதற்கு.

இதோடு திருவனந்தபுரம்–துபாய் தூரமான 2,950 கிலோமீட்டரைச் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 16,000. நேர்த்தூரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். மேற்கே போய் மறுபடி சுற்றுகிறோமே என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு. உண்மையில் அது அத்தனை பெரிய சுற்று அல்ல. சிங்கப்பூர் வழியே போனால் சுமார் 16,700 கிலோமீட்டர் ஆகும். தாளில் பார்த்தால் எல்லாவற்றையும்விடக் குறுகியது டெல்லி வழி: திருவனந்தபுரத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 2,230 கிலோமீட்டரில் டெல்லி, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,400. கூட்டினால் நேர்த்தூரத்தைவிட நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்தான் அதிகம்.

தாளில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை. திபெத்தை எடுத்துக்கொண்டால், பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால், பயணிகள் மூச்சுவிடும்படி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விமானி உடனே இறக்க வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் நிற்கிறது, இறங்க இடமில்லை. ஆகவே பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டே போகின்றன.

அவசரத்துக்கு இறங்க வழியில் விமான நிலையங்கள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆள் அரவமற்ற வடக்கில் இது சிறு விஷயம் அல்ல. 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறந்த ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கு நகரமான மகடானில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள், வேறொரு விமானம் வந்து அழைத்துப் போகும்வரை அங்கேயே காத்திருந்தார்கள். பயணிகள் கேள்விப்பட்டே இராத ஊர்களின் ஓடுபாதைகளை விமானி கணக்கில் வைத்திருப்பது இத்தகைய நாளுக்காகத்தான்.

அரசியல் எல்லைகளும் பாதையை வளைக்கின்றன. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே கிளம்பிய விமானங்கள் தெற்கே இறங்கி வளைந்து போக நேர்ந்தது. எரிபொருள் போதாமல் ஐரோப்பாவில் நின்று நிரப்பிக்கொண்டு போன அமெரிக்கப் பயணங்களும் உண்டு. திருவனந்தபுரம்–துபாய்ப் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அரபிக்கடலின் மேலேயே போய்விடுகிறது.

இனி நேரம். பெரிய பயணிகள் விமானம் சீரான உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்குத் தரையில் ஊர்ந்து போகவும் நேரம் பிடிக்கும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கிப் போய் நிற்பது வரை. ஆகவே வீட்டிலிருந்தபடி கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். துபாய்க்கு 2,950ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை. அரை மணி சேர்த்தால் நான்கு மணி நேரம். டிக்கெட்டும் அதைத்தான் சொல்கிறது. துபாய்–சான் பிரான்சிஸ்கோவுக்கு இதே வழியில் பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், அதுவும் பொருந்துகிறது.

பொருந்தாத இடங்களில் காற்று குறுக்கிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வரும், சீக்கிரம் போகலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தின் தரை மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வது உண்மைதான். ஆனால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. காற்றில் மிதக்கும் விமானமும் அப்படியே. ஓடும் ரயிலுக்குள் எஞ்சின் பக்கம் நடந்தாலும் கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்தாலும் நடைக்கு ஒரே நேரம்தான் ஆகிறது. வித்தியாசம் வருவது, தரையை விட்டுத் தனியாகக் காற்று ஓடும்போது. சுமார் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதே உயரத்தில்தான் விமானங்களும் பறக்கின்றன.

இதன் வலுவைக் காட்ட ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2015 டிசம்பரில் அது தொடங்கியபோது மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியாகப் பறந்தது. பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பாதையைத் தலைகீழாக மாற்றி, கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. ஆனால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். 15,300ஐப் பதினான்கரையால் வகுத்தால் மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. விமானத்தின் சொந்த வேகத்துக்கு மேலே உள்ளது முழுக்கக் காற்றின் கொடை. எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டாததால் எரிபொருளும் மிச்சமானது. 1,400 கிலோமீட்டர் சுற்றிப்போனதுதான் குறுக்கு வழியாக முடிந்தது.

தென்கோடியில் காற்றின் கதை வேறு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில், தீபகற்ப இந்தியாவின் மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்ற இதை 1950களில் விவரித்தவர்களில் முக்கியமானவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். இதன் உச்ச வேகம் விமானங்கள் பறப்பதைவிடச் சற்று உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் கீழ்ப்பகுதி விமானங்களுக்கு எட்டும். ஆடி மாதத்தில் வளைகுடாவுக்குக் கிளம்பும் விமானத்துக்குப் பயணத்தின் தொடக்கத்தில் முதுகில் காற்று; திரும்பி வருவதற்கு முகத்தில் காற்று. தையில் நிலைமை நேர்மாறு. ஒரே பாதைக்குப் பருவந்தோறும் வேறு வேறு நேரம் அட்டவணையில் வருவதன் பின்னணி இது.

துருவப் பாதைக்கும் இந்தியாவில் ஒரு நாள் குறிப்பிடத்தக்கது. 2021 ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் கிளம்பியது. விமானி அறையில் அனைவரும் பெண்கள். தலைமை விமானி ஸோயா அகர்வால். இரண்டு நகரங்களுக்கும் நேர்த்தூரம் 13,993 கிலோமீட்டர். வட துருவத்தைக் கடந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில் 11ஆம் தேதி விடியுமுன் அது பெங்களூரில் இறங்கியது. திருவனந்தபுரத்துக்கு அந்தத் தூரத்தைவிட 500 கிலோமீட்டர்தான் கூடுதல். இன்றைய விமானங்கள் நின்று செல்லாமலே பறக்கக்கூடிய தூரம் அது. சிங்கப்பூர்–நியூயார்க் சேவை 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறது. தடையாக இருப்பது தூரமல்ல. நீண்ட பயணத்தில் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். அந்தச் செலவைத் தாங்க நாள்தோறும் விமானம் நிறைய வேண்டும். ஒரு நகரத்தின் பயணிகளை மட்டும் நம்பி அது கைகூடாது. துபாயிலும் தோஹாவிலும் பல ஊர்களின் பயணிகளை ஒன்றுதிரட்டித்தான் ஒரு விமானத்தை நிரப்புகிறார்கள்.

பயணிகளை அதிகம் குழப்புவது கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படி இருக்கும். துபாய் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் பன்னிரண்டரை. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை அதிகாலை 4.30க்குத் திருவனந்தபுரத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரம் பறந்தால் துபாயில் மணி 7.00. அங்கே 8.50க்கு அடுத்த விமானம். பதினாறு மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால் அங்கே அதே திங்கட்கிழமை பகல் 12.50. தாளில் எட்டு மணி இருபது நிமிடப் பயணம்போலத் தோன்றும். அதோடு பதின்மூன்றரையைக் கூட்டினால் உண்மை தெரியும்: 21 மணி 50 நிமிடம். அந்த நேரத்தில் கழக்கூட்டத்து வீட்டில் செவ்வாய் அதிகாலை 2.20. போய்ச் சேர்ந்த செய்திக்காகக் காத்திருக்கும் அம்மாவின் நடுநிசி அது.

திரும்பும்போது இதே கணக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். திங்கள் மாலை நான்கு மணிக்கு அங்கே ஏறியவர், வழியில் துபாயில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, புதன் அதிகாலை மூன்று மணி வாக்கில் இங்கே இறங்குவார். செவ்வாய்க்கிழமை முழுதும் வானத்திலேயே கரைந்துவிடும். டெல்லியிலிருந்து பசிபிக் வழியாகப் போகிறவர்களோ சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கிறார்கள். ஊர்க் கடிகாரப்படி, கிளம்பிய ஓரிரு மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். எந்த வழியானாலும் ஒரே சூத்திரம்தான்: புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றிவிட்டு, பிறகு கழிக்க வேண்டும். வெவ்வேறு ஊர்க் கடிகாரங்களை நேரடியாகக் கழித்தால் விடை எப்போதும் பிழைதான்.

வானத்து நேரத்தோடு தரை நேரமும் சேர்கிறது. கழக்கூட்டத்திலிருந்து விமான நிலையம் காக்கை பறக்கும் வழியில் பதினொரு கிலோமீட்டர் வாக்கில். பைபாஸில் வண்டி ஓடினால் நெடுநேரம் ஆகாது. டெக்னோபார்க் விட்டு வெளியேறும் மாலை வேளையில் அப்படிச் சொல்ல முடியாது. பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம், பழைய முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம், நடுவில் ஓடுபாதை. முனையம் மாறி வந்துவிட்டால் விமான நிலையத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். அதையும், இடையில் காத்திருப்பதையும், அங்கே இமிகிரேஷன் வரிசையையும் சேர்த்தால் வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு 27, 28 மணி நேரம் ஆகிறது.

ஓடுபாதைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 3,400 மீட்டர் நீளமுள்ள அதன் இரண்டு முனைகளிலும் 14, 32 என்று எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து அளந்த திசையைப் பத்தால் வகுத்த எண்கள் அவை: ஒன்று 140 பாகை, மற்றொன்று 320. 320 திசையில் அந்தக் கோட்டை நீட்டினால் தும்பா பக்கமாக, கழக்கூட்டத்துக்குச் சற்று மேற்கே கடலோரத்தைத் தொட்டுப் போகும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். எந்த முனையைப் பயன்படுத்துவது என்பதை அன்றன்றைய காற்று முடிவு செய்கிறது. 1935இல் நெவில் வின்சென்ட் ஓட்டிவந்த டாடா ஏர் லைன்ஸின் ஃபாக்ஸ் மாத் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது இந்த நிலையத்தின் தொடக்ககால வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. ஒற்றை எஞ்சினும் இரட்டை இறக்கையும் கொண்ட அந்தச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இன்று நான்கு மணி நேரமாகும் துபாய்த் தூரத்தை அந்த வேகத்தில் கடக்க, நிற்காமல் பறந்தாலும் இருபது மணி நேரம் ஆகும்.

ஆண்டில் இரண்டு நாள் மாலையில் இந்த ஓடுபாதையில் விமானங்கள் ஓடுவதில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் பழைய வழி இந்த ஓடுபாதையைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. அந்த வேளையில் விமான நிலையம் சுமார் ஐந்து மணி நேரம் மூடியிருக்கும். விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். புறப்பாடுகளை முன்னதாகவோ இரவிலோ மாற்றி வைப்பார்கள். துபாயில் அடுத்த விமானத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியோடு டிக்கெட் எடுப்பவர்கள், நேரத்தை உறுதி செய்யுமுன் பஞ்சாங்கத்தில் அந்த இரண்டு தேதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.